சுழியத்துக்குக் கீழே

ஈயம் உருகியதும் மீன் நாறியது.
கிளாக்ஸ்விக்கில் இதை யாரிடம் போய்ச் சொல்ல?
எட்டு மணிநேரம் காட் மீன் கூறு போட்டுவிட்டு
பஸ் ஏறி வந்த கை இது.
என்றாலும் இது வேறு மீன்.
எந்தக் கடலிலும் நீந்தாதது.
முப்பது வருடம் அலுமினியக் குப்பிக்குள் கிடந்து
கசிந்து கசிந்து
பலகையின் செம்பைத் தின்றது.

ஹொக்னி மூக்கைப் பொத்தி ஜன்னலைத் திறந்தான்.
காற்று உள்ளே வந்து
புது மின்தேக்கிகள் பதினெட்டில் நாலை உருட்டிவிட்டது.
மண்டியிட்டு, டார்ச் அடித்து, மூன்றைப் பிடித்தோம்.
நான்காவது
அவன் காலுறையில் ஒட்டிக்கொண்டு தூங்கப் போயிருந்தது.

தீயணைப்பு நிலையத்துப் பழஞ்சாமான் விற்பனையில்
ஒரு முட்டையடிப்பானோடு சேர்த்து
நாற்பது குரோனருக்கு வாங்கிய லேப்டாப்.
செங்கல் கனம். சாம்பல் நிறம்.
போட்டால் ஓரங்களில் தேநீர்க் கறைபோல் இருட்டு ஊறும்,
பத்தே நிமிடத்தில் நடுவில் வந்து கைகுலுக்கும்.
அதற்குத்தான் இத்தனையும்.

மாற்றி முடித்தேன்.
கறை போயிற்று.
படமும் போயிற்று.
வெறும் வெளிச்சம், பனிமூட்டத்து நாளில்
எதிர்த் தீவு இருக்கவேண்டிய இடம் மாதிரி.
கிணறு வெட்டினேன்,
பூதம்கூட வரவில்லை.

நாடா வடத்தைக் கழற்றி மாட்டினேன்.
கான்ட்ராஸ்ட் சக்கரத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.
ஃப்யூஸ் உயிரோடுதான் இருந்தது.
ஸ்பிரிட்டில் பழைய பல்துலக்கி முக்கித் தேய்த்தேன்
(பழையது என்று நினைத்தேன்;
காலையில் ஹொக்னி வேறு விதமாகச் சொன்னான்).
பெயர்ந்து வந்த ஒரு செம்புத் திட்டுக்குப் பதில்
முடி மெல்லிய கம்பியைப் பாலம் போட்டேன்.
வெளிச்சம். வெளிச்சம். வெளிச்சம்.

பிறகு, ஆலையில் செய்வதைச் செய்தேன்.
அங்கே தெர்மாமீட்டர் உண்டு, யாரும் தொடுவதில்லை.
விரலே சொல்லும், பெட்டியில் எது பனிக்கட்டிக்கு வெளியே கிடந்ததென்று.
வரிசையாகத் தடவினேன்.
பதினேழு குளிர்ந்தவை.
ஒன்றுக்குக் காய்ச்சல்.

அதன் அருகே கூட்டல் குறி இருந்திருக்கவேண்டும்.
கசிவு அதையும் தின்றிருந்தது.
எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்:
கழித்தல் கால் தரைக்கு,
கூட்டல் கால் மேலே.
தரைதானே கடைசி, அதற்கும் கீழே என்ன?

மல்டிமீட்டரை வைத்தேன்.
எண்ணுக்கு முன்னால் ஒரு சிறு கோடு.
ஊசிகளை மாற்றிப் பிடித்துவிட்டோம் என்று பார்த்தேன்.
இல்லை, கறுப்பு தரையில், சிவப்பு தடத்தில்.
கழித்தல் இருபத்திரண்டு சொச்சம்.
தலைகீழாய் நின்ற மின்தேக்கி
மூச்சுமுட்டித் தாங்கிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது.
தினமும் லெய்ர்விக்கிலிருந்து வேலைக்கு
கடலுக்கு அடியில்தான் போகிறேன்.
பஸ் இறங்கும், காது அடைக்கும்,
தலைக்கு மேலே மீனும் படகும் மழையும் போகும்,
நான் பாதி ரொட்டியைத் தின்றபடி
சுழியத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன்.
வருடக்கணக்காக.
இந்தப் பலகையில்
தரைதான் மேடு என்று புரிய
மூன்று ராத்திரி.

கழற்றித் திருப்பவில்லை; அது வீங்கியிருந்தது.
காலுறையிலிருந்து வந்தது இருந்ததே,
நான் அதற்குள் வேறொன்று வைத்திருந்ததால் மிச்சமானது,
அதை வைத்தேன்.
கூட்டல் கால் தரைக்கு.
கை சொன்னபடி கேட்க மறுத்தது,
இரண்டு தரம் தானாகவே திருப்பப் பார்த்தது.

மணி நாலேகால்.
சுவிட்சைப் போட்டேன்.
பனிமூட்டம், பிறகு அதற்குள்
கறுப்பாய், கூர்மையாய்,
ஒரு சின்ன டிஸ்க் படம். அதன் நடுவில் கேள்விக்குறி.
மினுக்கும், மறையும், மினுக்கும்.

"என்னவாம் அதுக்கு?" என்றான் ஹொக்னி,
போர்வையோடு வாசலில்.

"டிஸ்க் எங்கே என்று கேட்கிறது."

"எங்கே?"

ஐந்து மணி பஸ்ஸுக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டே
இன்னொரு தரம் பார்த்தேன்.
எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது.